நீருக்குச் சாட்சி

பெருந்தொற்றால் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த 2021 கோடையில், என் அக்கா மகன் மாதக்கணக்கில் எங்களோடு விரிஞ்சிபுரத்தில் இருந்தான். ஒன்பது வயது. பெங்களூரில் பிறந்து வளர்ந்தவன். வெயில் தணிந்ததும் அவனை அழைத்துக்கொண்டு பாலாற்றுக்குள் நடப்பேன். ‘ஆற்றுக்குள் நடந்துவிட்டு வருகிறோம்’ என்று நாங்கள் சொல்வதே அவனுக்குப் புதிராக இருந்தது. கரைக்குக் கரை மணல், திட்டுத்திட்டாகச் சீமைக்கருவேலம், நடுவே மாட்டுவண்டித் தடம். ஒருநாள் நடந்துகொண்டிருந்தவன் நின்றான்.

“மாமா, இத ஆறுன்னு எல்லாரும் சொல்றீங்க. தண்ணி ஓடினத யாரு பார்த்தது?”

“நான் பார்த்திருக்கேன்டா. உங்கம்மா பார்த்திருக்கா.”

“போட்டோ இருக்கா?”

இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் கேமரா கிடையாது. என் ஞாபகம் ஒன்றுதான் இருந்தது. அது அவனுக்குச் சாட்சி ஆகாது. மாமா சொன்னார் என்பதற்காக ஒன்றை நம்பிவிடாத பிள்ளையைப் பார்க்க உள்ளூர மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. குனிந்து மணலைத் துழாவினேன். கோழிமுட்டை அளவில் ஒரு கூழாங்கல் அகப்பட்டது. அதை அவன் கையில் வைத்தேன். மலையில் உடைந்த கல் எப்படி இருக்கும் என்று கேட்டேன். கூராக இருக்கும் என்றான். இது ஏன் வழவழப்பாக இருக்கிறது என்றேன். நெடுநேரம் உருட்டி உருட்டிப் பார்த்தான். எதனோடோ உரசியிருக்கவேண்டும் என்றான். பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டான்.

“காத்து உருட்டியிருக்கக் கூடாதா?”

இந்தக் கேள்வியைத்தான், ஏறக்குறைய இதே வார்த்தைகளில், செவ்வாய்க் கோளின் கல் ஒன்றைப் பார்த்துக்கொண்டு விஞ்ஞானிகளும் கேட்டுக்கொண்டார்கள். 2012 ஆகஸ்டில் கியூரியாசிட்டி ஊர்தி, 154 கிலோமீட்டர் குறுக்களவுள்ள கேல் என்னும் பெரும்பள்ளத்தில் இறங்கியது. அடுத்த மாதமே அது அனுப்பிய படங்களில் சல்லியும் மணலும் காரைபோல் இறுகிய பாறைத் துண்டு ஒன்று தெரிந்தது. அதில் பதிந்திருந்த கற்கள் உருண்டையாக இருந்தன. செவ்வாயின் மெல்லிய காற்று தூசியைத் தூக்கும், மணலைத் தள்ளும். அந்த அளவுக் கல்லை உருட்டி மழுக்க அதற்கு வலு போதாது. மிஞ்சுவது ஓடும் நீர். கல்லின் பருமனை வைத்து நீரின் வேகத்தைக் கணக்கிட்டார்கள். ஆழத்தையும் சொன்னார்கள்: கணுக்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட அளவு. 300 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் அங்கே ஒரு மனிதன் நின்றிருந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிக் கடந்திருக்கலாம். நான் சிறுவனாக இருந்தபோது பாலாற்றை அப்படித்தான் கடந்தோம்.

தமிழில் ஆறு என்றால் வழி. நீரைக் குறிக்க நமக்கு எத்தனையோ சொற்கள் இருந்தும், ஓடும் நீருக்கு அது போன பாதையின் பெயரைத்தான் வைத்தார்கள். நீர் வற்றினாலும் பெயர் பொய்யாவதில்லை; வழி அங்கேயே கிடக்கிறது. எங்கள் ஊர்க் கோயிலில் குடிகொண்டிருப்பவரும் வழித்துணைநாதர்தான், மார்க்கபந்தீசுவரர். பையனுக்கு இதையெல்லாம் அன்று சொல்லவில்லை. கூழாங்கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவன் முன்னே ஓடிவிட்டான்.

அவன் கேள்வி மட்டும் என்னோடு வந்தது. ஏனென்றால் கல் ஒன்று பேசிவிட்டால் வழக்கு முடிந்துவிடும் என்பதில்லை. செவ்வாயின் நீர் வழக்கு நூறாண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. தீர்ப்பு வந்துவிட்டது என்று எண்ணிய ஒவ்வொரு முறையும் அது மறுவிசாரணைக்குப் போயிருக்கிறது.

1877இல் இத்தாலியின் ஸ்கியாபரெல்லி தொலைநோக்கியில் செவ்வாயின் மீது மெல்லிய கோடுகளைக் கண்டு ‘கனாலி’ என்று பெயரிட்டார். அந்தச் சொல் இயற்கையாக ஓடும் காலையும் குறிக்கும், வெட்டிய கால்வாயையும் குறிக்கும். ஆங்கிலத்துக்குப் போனபோது வெட்டிய கால்வாய் மட்டும் போய்ச் சேர்ந்தது. வெட்டியது என்றால் வெட்டியவர் யார்? அமெரிக்கச் செல்வந்தர் பெர்சிவல் லோவெல் 1894இல் அரிசோனாவின் வறண்ட மேட்டில் ஒரு வானாய்வகத்தையே கட்டி, இரவிரவாக அந்தக் கோடுகளை வரைந்தார். காய்ந்துபோகும் உலகம் ஒன்றின் மக்கள், துருவப் பனியிலிருந்து தண்ணீர் கொண்டுவர வெட்டிய கால்வாய்கள் அவை என்றார். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1907இல் ஒரு நூலே எழுதி, அந்தக் குளிரில் நீர் ஓடாது என்று மறுத்தார். 1965 ஜூலையில் மாரினர் 4 செவ்வாயைக் கடந்துபோகும்போது எடுத்த இருபத்திரண்டு படங்களில் கால்வாய் ஒன்றுகூட இல்லை. நிலவைப்போல் பள்ளம் பள்ளமாக ஒரு செத்த நிலம்தான் தெரிந்தது. வழக்கு தள்ளுபடி என்று உலகம் நினைத்தது. ஆறு ஆண்டுகள் கழித்து மாரினர் 9 அந்தக் கோளையே சுற்றிவந்து படமெடுத்தபோது, மெய்யாகவே ஆற்றுப் படுகைகள் தெரிந்தன. வெட்டியவை இல்லை, நீர் தானே அறுத்துப்போன வழிகள். எல்லாம் எப்போதோ காய்ந்தவை.

லோவெலை நினைத்து மற்றவர்கள் சிரிக்கலாம், எனக்கு முடியாது. தண்ணீர் இருந்தால் நன்றாயிருக்குமே என்று ஏங்குகிற கண்ணுக்குக் காய்ந்த நிலத்தில் ஈரக்கோடு தெரிவதை நான் அறிவேன். பாலாற்று நடுவில் தொலைதூரத்துக் கானலைக் காட்டி, “அதோ, மேட்டாண்ட தண்ணி வந்துடுச்சு” என்று பெரியவர்களே ஏமாந்து எழுந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஏக்கம் பொய் சொல்லத் தேவையில்லை. கண்ணைக் கொஞ்சம் சாய்த்துவிட்டால் போதும். அதனால்தான் நீரைத் தேடுகிறவன் நீரையே எல்லாவற்றுக்கும் மேலாகச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு நம் காலத்திலேயே நடந்த ஒரு சான்று உண்டு. நேபாளத்தில் பிறந்து அரிசோனா பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவராக இருந்த லுஜேந்திர ஓஜா, செவ்வாயின் செங்குத்துச் சரிவுகளில் கறுத்த கோடுகள் இருப்பதைக் கவனித்தார். அவை வெப்பமான பருவத்தில் நீண்டு இறங்கின, குளிர்ந்ததும் மங்கின, அடுத்த ஆண்டு மறுபடி வந்தன. 2011இல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. 2015 செப்டம்பரில் அந்தக் கோடுகளில் நீரேறிய பெர்குளோரேட் உப்புகளின் அடையாளம் தெரிகிறது என்று அறிவித்தார்கள். செவ்வாயில் இன்றும் நீர் கசிகிறது என்று உலகமெங்கும் செய்தி ஓடியது. இரண்டே ஆண்டுகளில், 2017இல், வேறொரு குழு அதே கோடுகளை அளந்து பார்த்தது. உலர்ந்த மணல் எந்தச் சாய்வில் சரியுமோ அந்தச் சாய்வில்தான் அவை எல்லாம் நின்றுபோயிருந்தன. நீராக இருந்தால் சாய்வு குறைந்த இடத்திலும் கொஞ்ச தூரம் ஓடியிருக்க வேண்டும். அடுத்து, உப்பின் அடையாளம் என்று படித்த குறியிலும் கருவியின் கோளாறு கலந்திருக்கலாம் என்று தெரியவந்தது.

இதைப் படித்த மறுநாள் நான் ஆற்றில் மணல் அள்ளிய குழி ஒன்றின் விளிம்பில் போய் உட்கார்ந்தேன். காலால் லேசாக நெருடினால் மணல் கோடாக இறங்கியது. இறங்கிய தடம் கறுத்துத் தெரிந்தது, விரல் விரலாகப் பிரிந்தது, அடியை எட்டுமுன் நின்றது. தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீர் வழிந்த தடம் என்றே எவரும் சத்தியம் செய்வார்கள். தொட்டால் சுடுமணல்.

வானத்தைக் குறித்த இந்த வழக்கு எங்கோ அமெரிக்காவில் மட்டும் நடப்பதென்று எண்ணிவிட வேண்டாம். எங்களுக்குத் தென்மேற்கே நீலக்கோடாகத் தெரியும் ஜவ்வாது மலையிலும் அதன் ஒரு வாய்தா நடந்திருக்கிறது.

விரிஞ்சிபுரம் என்றதும் மதிலழகைச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது கோயிலுக்குள் இருக்கும் நேரம் காட்டும் கல். அரைவட்டமாகச் செதுக்கி எண்கள் பொறித்த கல். அதன் பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் விழும் நிழல் மணி சொல்லும். சூரியனை ஏறிட்டுப் பார்க்காமல், அது மறைக்கப்பட்ட இடத்தைப் பார்த்தே அதன் நிலையைச் சொல்லும் கலை அது. ஆலங்காயத்துக்கு அப்பால் காவலூரில் செய்ததும் இதே வேலைதான். இருண்ட வானம் தேடி வைணு பாப்பு 1960களில் தேர்ந்தெடுத்த இடம் அது. அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கி புதிதாக நிறுவப்பட்ட 1972ஆம் ஆண்டு, ஜூன் 7 அன்று, வியாழனின் நிலவான கனிமீடு ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போயிற்று. நிலவுக்குக் காற்று இல்லையென்றால் நட்சத்திரம் விளக்கை அணைத்ததுபோல் சட்டென்று மறையும். காற்று இருந்தால் அதில் ஒளி வளைந்து, அந்தி மங்குவதுபோல் படிப்படியாகக் குறையும். காவலூரிலும் ஜாவாத் தீவின் லெம்பாங்கிலும் பார்த்தவர்களுக்கு அது சட்டென்று மறையவில்லை என்று பட்டது. கனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டு என்று 1973இல் எழுதினார்கள்.

1979இல் வாயேஜர் 1 நேரிலேயே போய், வேறொரு நட்சத்திரம் கனிமீடுக்குப் பின் மறைவதைப் புறஊதா ஒளியில் பார்த்தது. அவர்கள் சொன்ன அளவில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு காற்றுகூட அங்கே தென்படவில்லை. காவலூர் தோற்றது. ஆனால் 1990களில் ஹப்பிள் தொலைநோக்கி அங்கே மிக மிக மெல்லிய ஆக்சிஜன் போர்வை ஒன்றைக் கண்டது. 2015இல் கனிமீடின் துருவ ஒளி ஆடும் விதத்தை அளந்தவர்கள், பனிக்கட்டி ஓட்டுக்கு அடியில் உப்புக்கடல் ஒன்று இருக்கவேண்டும் என்றார்கள். 2021இல் ஹப்பிளின் பழைய படங்களையும் புதியவற்றையும் சேர்த்துப் படித்து, அந்தப் போர்வையில் நீராவியும் இருப்பதற்கான தடயம் கண்டார்கள். 2023 ஏப்ரலில் ஐரோப்பிய விண்கலம் ஜூஸ் அதைப் பார்க்கப் புறப்பட்டுப் போயிருக்கிறது.

எங்கள் மலையில் அன்று விழித்திருந்தவர்களைத் தவறு செய்தவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண்டதை அளந்தார்கள், அளந்ததை எண்ணாக வெளியிட்டார்கள், பின்னால் வருகிறவன் அதை மறுப்பதற்கு வேண்டியதையும் அந்த எண்ணிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். மறுக்கவே முடியாதபடி பேசியிருந்தால் அவர்கள் தோற்றிருக்கவும் மாட்டார்கள், எவருக்கும் பயன்பட்டிருக்கவும் மாட்டார்கள்.

நிலத்தடி நீர் விஷயம் இன்னும் சிக்கல். 2018இல் மார்ஸ் எக்ஸ்பிரஸ் விண்கலத்தின் ரேடார், செவ்வாயின் தென் துருவத்தில், பனிக்கு ஒன்றரை கிலோமீட்டர் அடியில், 20 கிலோமீட்டர் அகலத்துக்குப் பளிச்சென்று எதிரொலி தரும் பரப்பைக் கண்டது. உப்பு நீர் ஏரி என்றது ஒரு குழு. களிமண்ணும் அப்படி எதிரொலிக்கும் என்றது இன்னொன்று, எரிமலைப் பாறையாக இருக்கலாம் என்றது வேறொன்று. தோண்டிப் பார்க்க ஆளில்லாத இடத்தில் வாதம் நீள்கிறது.

எங்களுக்குத் தோண்டிப் பார்க்கக் கை இருந்தது. பாலாற்றின் குணமே அடியில் ஓடுவது. மேலே சுடுமணல், சற்றுக் கீழே நல்ல தண்ணீர். கோடையில் உழவர்கள் மணல்திட்டைக் கையால் வருடினால், குழந்தை தொட்டதும் பால் சுரக்கும் தாய்போல் இந்த ஆறு சுரந்து வயல் மடையை உடைக்கும் என்று 12ஆம் நூற்றாண்டிலேயே சேக்கிழார் திருக்குறிப்புத்தொண்டர் புராணத்தில் வருணித்திருக்கிறார். பக்தி நூலில் நிலத்தடி நீரியல்! ஆற்றுக்குள்ளேயே நீளமாகக் கால் பறித்து, ஊற்றுநீரைக் கரைக்கு வெளியே வயலுக்குக் கொண்டுபோகும் ஊற்றுக்கால்கள் இந்தப் பக்கத்து விவசாயத்தின் உயிராக இருந்தன. கோயில் சிம்ம தீர்த்தத்தில் சிங்கத்தின் முகம் கொண்ட வாசல் வழியே படியிறங்கினால் தெரியும் நீரும் அந்த அடியோட்டத்தின் உறவுதான் என்று சிறுவயதில் நாங்கள் நம்பினோம்.

என் ஆயா ஊற்று தோண்டுவாள். கையால் மணலை அள்ளி ஓரமாகப் போட்டு, முழங்கை மறையும் ஆழம் போனதும் நிறுத்துவாள். குழியின் அடியில் மணல் கறுக்கும், பிறகு பளபளக்கும், பிறகு நீர் நிற்கும். கொட்டாங்குச்சியால் மொண்டு முதல் தண்ணீரை வெளியே ஊற்றுவாள். “மொதல்ல வர்றது ஊத்தோட அழுக்கு. அது போவட்டும்” என்பாள். மூன்று தடவை இறைத்துவிட்டு உள்ளங்கையில் கொஞ்சம் வாங்கி நாக்கில் வைத்துப் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் குடம்.

அந்த நாக்கு ஒருநாள் தயங்கியது. இங்கே இல்லை, ஆம்பூருக்குக் கீழே, என் பெரியம்மா வீட்டு நிலத்துக் கிணற்றில். நான் அப்போது ஆறாவதோ ஏழாவதோ படித்தேன். “இன்னாடி இது, உப்பு கரிக்குது” என்றாள். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சில வருடங்களில் நெல் போய்த் தென்னை மட்டும் நின்றது. பிறகு தென்னையின் குருத்தும் சிறுத்தது.

உப்பு எங்கிருந்து வந்தது என்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. உரித்த பச்சைத்தோல் கெட்டுப்போகாமல் இருக்க அதன் எடையில் பாதியை நெருங்கும் அளவுக்கு உப்பைத் தேய்க்கிறார்கள். உப்பு தோலின் ஈரத்தை இழுத்து, அதை அழுகவைக்கும் நுண்ணுயிரை அண்டவிடாது. தோல் பதனிடும் டேனரிக்கு வந்ததும் முதல் வேலை தோலை ஊறவைத்து அந்த உப்பைக் கழுவுவது. பிறகு சுண்ணாம்புத் தொட்டி, பிறகு பதனிடுதல். ஆவாரம்பட்டை போட்ட காலம் போய்க் குரோம் வந்தது. கழுவிய உப்பு பல காலம் ஓடைகளிலும் தாழ்ந்த நிலங்களிலும் போய் நின்று, அங்கிருந்து மணலின் அடியோட்டத்தில் கலந்தது. செவ்வாயில் உப்பு, நீரை உறையாமல் காக்கக்கூடிய நண்பன்; அங்கே நீரைத் தேடுகிறவர்கள் முதலில் உப்பைத்தான் தேடுகிறார்கள். இங்கே அதே உப்பு நீரை நம் வாய்க்கு எட்டாமல் தள்ளிவைத்தது. குடிநீரில் கரைந்திருக்கும் உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. ஆயாவின் நாக்குக்கு அளவுகோல் தெரியாது. ஆனால் எல்லை தாண்டியது தெரிந்தது.

ஒன்றைச் சொல்லாவிட்டால் நேர்மை ஆகாது. எங்கள் குடும்பத்திலேயே தோல் வேலை செய்த கைகள் உண்டு. சித்தப்பா தொட்டியில் இறங்கிய சம்பளத்தில்தான் அவர் பிள்ளைகள் படித்தார்கள். விடியற்காலையில் ஷூ கம்பெனி வண்டிக்காகச் சாப்பாட்டுப் பையோடு சாலையோரம் நிற்கும் பெண்களின் வரிசையைப் பார்த்தவர் எவரும் இந்தத் தொழிலை ஒரே சொல்லால் சபித்துவிட முடியாது. அந்தக் கைகளும் இந்தத் தண்ணீரைத்தான் குடித்தன.

இருந்தும் கேள்வி நின்றது: இந்தக் கிணற்றின் உப்பு, இன்ன தொழிற்சாலையின் உப்பு என்று எப்படி நிரூபிப்பது? மணலுக்கு அடியில் ஓடும் நீரில் பெயர் எழுதியிருப்பதில்லை. கடல் விலகிய காலத்து உப்பாக இருக்கலாம், பாறையின் உப்பாக இருக்கலாம், மழை பொய்த்ததால் செறிந்ததாக இருக்கலாம் என்று எத்தனை ‘இருக்கலாம்’கள் வேண்டுமானாலும் சொல்ல இடமிருந்தது. ஒவ்வொன்றையும் மறுத்து நிரூபிக்கும்வரை ஊறவைக்கும் தொட்டிகள் நிற்கப்போவதில்லை. சோதனைக்கூடம் இல்லாத உழவன், சோதனைக்கூடம் உள்ளவர்களின் முன் சாட்சி சொல்லவேண்டியிருந்தது.

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. சூழல் சட்டம் படிக்கிற எவரும் இன்று தவிர்க்க முடியாத தீர்ப்பு அது. தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போயிருப்பதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டதை அது பதிவு செய்தது. மாசு செய்தவரே ஈடு தரவேண்டும் என்றது. அதைவிட ஆழமான ஒன்றையும் சொன்னது: அறிவியல் உறுதி இன்னும் கிட்டவில்லை என்பது, சீர்கேட்டைத் தடுக்காமல் தள்ளிப்போடுவதற்குக் காரணமாகாது, தன் செயலால் சூழலுக்குத் தீங்கில்லை என்று காட்டும் பொறுப்பு அந்தச் செயலைச் செய்கிறவர் மேல்தான் விழும்.

நிரூபிக்கும் பாரத்தை அது கரை மாற்றிவைத்தது. பாலாற்றின் மணலுக்குள்ளிருந்து இந்திய நாட்டின் சட்டத்துக்குள் சுரந்த ஊற்று என்று இதை நான் நினைப்பதுண்டு. பிறகு நடந்தவை கலவையானவை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, ஆர்.ஓ. வந்தது, பிரித்தெடுத்த கலப்பு உப்பை என்ன செய்வது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இந்த ஆற்றுக்காகவே கூடி, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரவும் அதை மாசு செய்தவர்களிடம் வசூலிக்கவும் உத்தரவிட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் அதற்கும் நடுவே ஒரு தலைமுறை வளர்ந்து ஆளாகிவிட்டது.

இங்கேதான் பல நாள் என் மனம் முட்டிக்கொண்டு நின்றது. செவ்வாயின் சரிவில் கறுத்த கோடு தெரிந்தால், அது நீர் என்று சொல்கிறவன்தான் நிரூபிக்கவேண்டும். ஐயம் இருக்கும்வரை அது மணல். இதை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன். பாலாற்றில் கெடுதல் இல்லை என்று சொல்கிறவன்தான் நிரூபிக்கவேண்டும். ஐயம் இருக்கும்வரை அது கெடுதல். இதையும் மனதார ஒப்புக்கொள்கிறேன். ஓர் இடத்தில் ஐயத்தின் பலனை நீருக்கு எதிராகவும், இன்னோர் இடத்தில் நீருக்கு ஆதரவாகவும் தருகிறேனே, என் ஆற்றின் மேலுள்ள பாசத்தால் தராசை மாற்றிப் பிடிக்கிறேனோ? லோவெலின் கண் எனக்கும் வந்துவிட்டதோ?

விடை செவ்வாயிலேயே இருந்தது. விண்வெளி குறித்து 1967இல் நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம், பிற உலகங்களைத் தீங்கு தரும்படி மாசுபடுத்தக்கூடாது என்கிறது. அதன் வழிவந்த விதிகளின்படி, செவ்வாயில் நீர் கசியக்கூடிய இடங்கள் தனிக் காப்புக்குரியவை. பூமியின் நுண்ணுயிர் ஒட்டியிருக்கக்கூடிய ஊர்தி அங்கே போய்விட முடியாது. கியூரியாசிட்டி ஏறும் மலையிலேயே அப்படிப்பட்ட கறுத்த கோடுகள் இருக்கலாம் என்று பட்டபோது, அருகே போகலாமா கூடாதா என்று தீவிரமாக விவாதித்தார்கள். அங்கே நீர் இருப்பது நிரூபணமாகவில்லை. ஒரு கட்டுரையில் ‘அங்கே நீர் உண்டு’ என்று எழுத அது போதாது. ஆனால் அழுக்குச் சக்கரத்தோடு உள்ளே நுழையாமல் நிற்க, இருக்கலாம் என்பதே போதும்.

ஆக, இரண்டு உலகத்துக்கும் ஒரே தராசுதான். அறிந்துகொள்ளும்போது ஐயம் வந்தால், நீர் இல்லை என்று வைத்துக்கொண்டு தேடவேண்டும். அதன்மேல் கைவைக்கும்போது ஐயம் வந்தால், நீர் உண்டு என்று வைத்துக்கொண்டு நடக்கவேண்டும். சொல்லுக்கு ஒரு நிரூபணம், செயலுக்கு வேறொன்று. அறிவில் பிழைத்தால் இன்னொரு தொலைநோக்கி திருத்தும். காவலூரை வாயேஜர் திருத்தியது, வாயேஜரை ஹப்பிள் நிரப்பியது. மணலுக்குள் இறங்கிவிட்ட உப்பைத் திருத்த இன்னொரு ஆறு வராது. எங்கள் பக்கத்தில் நடந்த கொடுமை இந்த இரண்டையும் இடம் மாற்றிக்கொண்டது: செயலில் காட்டவேண்டிய அச்சத்தை அறிவில் காட்டினோம், அறிவில் காட்டவேண்டிய ஐயத்தைச் செயலுக்குச் சாக்காக்கினோம். ஆயா அந்த இரண்டையும் ஒரே குழியில் பிரித்து வைத்திருந்தாள். தண்ணீர் வரும்வரை இருக்கிறது என்று சொல்லமாட்டாள். ஆனால் குழிக்குப் பக்கத்தில் ஒருவரையும் எச்சில் துப்ப விடமாட்டாள்.

2021 நவம்பரில் ஆறு வந்தது. 1903இல் வாணியம்பாடியை அழித்த வெள்ளத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த கிழவர்கள்கூட வாயடைத்துப் போனார்கள். பாலாறு அணைக்கட்டில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போனது. எங்கள் தரைப்பாலத்தை மூடிக்கொண்டு செந்நீர் புரண்டது. பையன் அதற்குள் பெங்களூர் திரும்பியிருந்தான். கரையில் நின்று வீடியோவில் காட்டினேன். இரைச்சலில் அவன் பேசியது எதுவும் கேட்கவில்லை. திரையில் அவன் ஒரு கையைத் தூக்கிப் பிடித்திருந்தது மட்டும் தெரிந்தது. கையில் அந்தக் கூழாங்கல்.

அதன் பிறகும் ஆறு வற்றியது. போன கோடையில் வந்தபோது அவன் குரல் உடைந்திருந்தது, என் தோளுக்கு வளர்ந்திருந்தான். பேனா அளவில் உப்பு அளக்கும் கருவி ஒன்றை வாங்கி வந்திருந்தான். சாயங்காலம் ஆற்றுக்குள் நடந்தோம். ஒரு தாழ்வான இடத்தைப் பார்த்து நான் உட்கார, எதிரே அவனும் உட்கார்ந்தான். கையால் மணலை அள்ளி ஓரமாகப் போட்டோம். ஆயா காலத்தைவிட ஆழமாகப் போகவேண்டியிருந்தது. முழங்கை மறைந்து, தோள் மண்ணைத் தொட்ட பிறகுதான் மணல் கறுத்தது. அவன் கருவியை எடுத்தான்.

“இரு” என்றேன். “மொதல் தண்ணி ஊத்தோட அழுக்கு.”

கொட்டாங்குச்சியால் மொண்டு வெளியே ஊற்றினேன். இரண்டாவது முறை அவன் வாங்கி இறைத்தான். மூன்றாவது முறையும் இறைத்துவிட்டு, மணலின் அடியிலிருந்து அது மறுபடி ஊறி வரும்வரை, குழிக்கு இரு பக்கமும் குனிந்தபடி காத்திருந்தோம்.